பிரெஞ்சு பேச ஒரு துணை

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகை விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "இந்த வருஷம் நீங்க பேசணும், என்ன தலைப்பு போடட்டும்?" என்று கேட்டார். "பிரெஞ்சு பேச ஆள் தேடிய கதை" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்: "இண்டூர்ல உட்கார்ந்துக்கிட்டு பிரெஞ்சா? எதுக்குங்க?"

நியாயமான கேள்விதான். தர்மபுரிக்கும் பென்னாகரத்துக்கும் நடுவில் இருக்கிற ஊர் எங்கள் ஊர். மரவள்ளியும் ராகியும் விளைகிற மண். அங்கே கன்னடம் பேசுகிறவர் உண்டு, தெலுங்கு பேசுகிறவர் உண்டு. பிரெஞ்சு பேச ஒரு ஆள் கிடையாது. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்ற எனக்கும் அந்த மொழிக்கும் ஒரு ஒட்டும் உறவும் இல்லாமல்தான் இருந்தது. உறவு பிறகுதான் வந்தது, பேரன் வடிவத்தில்.

என் மகளைப் புதுச்சேரியில் கொடுத்தேன். மாப்பிள்ளை குடும்பத்துக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை. இளைய மாணவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் ஆகிய நான்கு ஊர்களும் 1954 நவம்பர் 1-ஆம் தேதி நடைமுறையில் இந்தியாவின் கைக்கு வந்தன. சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி. அப்போது அங்கே பிறந்தவர்கள், விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருந்துகொள்ளலாம் என்று ஒப்பந்தம் சொன்னது. சில ஆயிரம் பேர் அப்படி எழுதிக் கொடுத்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்று புதுச்சேரிக்கும் பாரிசுக்குமாகப் போய் வந்துகொண்டிருக்கிறார்கள். என் மகளும் பாரிசுக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் குடியேறினாள். அங்கே எனக்கு ஒரு பேரன் பிறந்தான்.

பையன் மூன்று வயது வரை தமிழ் பேசினான். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் தமிழ் மெதுவாக நழுவியது. அம்மா தமிழில் கேட்பாள், அவன் பிரெஞ்சில் பதில் சொல்வான். ஐந்து வயதில் வீடியோ போனில் எனக்கும் அவனுக்கும் நடந்த பேச்சு என்ன தெரியுமா? நான் சிரிப்பேன், அவன் சிரிப்பான், நான் கை ஆட்டுவேன், அவன் கை ஆட்டுவான். அப்புறம் போன் அவன் அம்மா கைக்குப் போய்விடும். பெற்ற மகள் வயிற்றுப் பேரனிடம் "சாப்பிட்டியா கண்ணு" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேச வழியில்லை. என் வீட்டுக்காரம்மா ஒரு நாள் சொன்னாள்: "கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற மீனைப் பார்க்கிற மாதிரி இருக்குதுங்க." அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், அவனுக்குத் தமிழ் வருகிற வரை காத்திருக்கக் கூடாது, நான் அந்தப் பக்கம் போக வேண்டும் என்று.

வாத்தியார் புத்தி, முதலில் புத்தகம்தான் வாங்கினேன். ஒரு வருஷம் விடியற்காலையில் எழுந்து இலக்கணம் படித்தேன். வினைச்சொல் வாய்பாடுகளைப் பெருக்கல் வாய்பாடு மாதிரி ஒப்பித்தேன். "குட்டி இளவரசன்" பிரெஞ்சு மூலத்தையும், மதனகல்யாணியும் வெ. ஸ்ரீராமும் செய்த தமிழ் மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாக வாசித்தேன். வந்துவிட்டது என்று ஒரு தைரியம் ஏற்பட்டது.

பேரனின் பிறந்தநாள் வந்தது. தொண்டையைச் சரி செய்துகொண்டு, புத்தகத்தின் முதல் பாடத்தில் இருந்த மாதிரியே, "கொமான் தாலே வூ?" என்று கேட்டேன். 'எப்படி இருக்கிறீர்கள்' என்று அர்த்தம். பையன் சிரிக்கவில்லை. திரும்பி அம்மா காதில் ஏதோ சொன்னான். மகள் சொன்னாள்: "அப்பா, 'தாத்தாவுக்கு என் மேல கோபமா'ன்னு கேட்கிறான்."

ஏன் என்று பிறகுதான் விளங்கியது. பிரெஞ்சிலும் நம் தமிழ் மாதிரியே 'நீ', 'நீங்கள்' இரண்டும் உண்டு. 'துய்' என்றால் நீ. 'வூ' என்றால் நீங்கள். ஆனால் புழங்குகிற இடம் வேறு. அங்கே வீட்டுக்குள்ளே, தாத்தா பேரன் உட்பட, பெரும்பாலும் எல்லாரும் 'துய்'தான். அறிமுகம் இல்லாத பெரியவரிடம், அதிகாரியிடம் 'வூ'. நான் சின்னக் குழந்தையிடம் தாலுகா ஆபீசில் பேசுகிற மாதிரிப் பேசியிருக்கிறேன். புத்தகத்தில் இந்த விதி இல்லாமல் இல்லை. பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தது, நானும் அடிக்கோடு போட்டு வைத்திருந்தேன். ஆனால் அது கண்ணில் இருந்தது, நாக்கில் இல்லை. மொழி நாக்குக்கு வர வேண்டுமென்றால் எதிரே ஒரு ஆள் வேண்டும்.

ஆள் தேட ஆரம்பித்தேன்.

"மகளிடமே பேசிப் பழகலாமே" என்று நீங்கள் நினைக்கலாம். முயன்று பார்த்தோம். அப்பனும் மகளும் இரண்டு வாக்கியத்துக்கு மேல் பிரெஞ்சில் நிற்க முடியவில்லை. மூன்றாவது வாக்கியத்தில் "மழை பெஞ்சுதாப்பா?" என்று தமிழ் வந்து நடுவில் உட்கார்ந்துகொள்ளும்.

அடுத்து, தெரிந்தவர் மகன் ஒருவன் பட்டணத்துப் பள்ளியில் பிளஸ் டூவில் தமிழுக்குப் பதிலாகப் பிரெஞ்சு எடுத்து நூற்றுக்கு மிக நெருக்கத்தில் மார்க் வாங்கியிருந்தான். ஓடிப்போய்க் கேட்டேன். பையன் நல்லவன், வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னான்: "ஐயா, எழுதச் சொன்னா எழுதிடுவேன். பேசுனது இல்லீங்க. எங்க மிஸ்ஸும் இங்கிலீஷ்லதான் பிரெஞ்சு நடத்துவாங்க." அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. மார்க்குக்காக எடுத்தான், மார்க்கும் வந்தது. ஆனால் தம்பிகளே, ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். பிரெஞ்சு அரசு நடத்தும் டெல்ஃப் தேர்வில் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பிரிவு. ஒவ்வொன்றுக்கும் 25, மொத்தம் 100. தேற 50 போதும். ஆனால் எந்த ஒரு பிரிவிலும் 5-க்குக் கீழே போனால், மொத்தம் 70 வந்தாலும் தோல்விதான். வாய் திறக்காதவனை அந்தத் தேர்வு விடாது.

புதுச்சேரிக்குப் போனேன். அரூர், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் என்று பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்து, கடற்கரையில் வெள்ளைக்காரர் ஒருவரைப் பார்த்து மனப்பாடம் செய்த இரண்டு வாக்கியத்தைச் சொன்னேன். அவர் புன்னகையோடு இங்கிலீஷில் பதில் சொன்னார். இன்னொருவரும் அப்படியே. சுற்றிப் பார்க்க வந்த மனிதருக்கு என் நாக்கைத் திருத்துவதா வேலை? அவரிடம் நான் எடுக்கப் போனேனே தவிர, கொடுக்க எதுவும் கொண்டுபோகவில்லை. இது எனக்கு அப்போது தெரியவில்லை.

வகுப்பில் சேரலாம் என்றால், 1889-லேயே தொடங்கிய அலியான்ஸ் பிரான்சேஸ் அங்கே இருக்கிறது. சென்னையிலும் 1953 முதல் இருக்கிறது. வகுப்பு நல்லதுதான், அடித்தளம் அங்கேதான் விழும். ஆனால் கணக்கு வாத்தியாரின் கணக்கைக் கேளுங்கள். ஒரு மணி நேர வகுப்பில் இருபது பேர் இருந்து, ஆசிரியர் வாயே திறக்காவிட்டாலும், ஆளுக்கு மூன்று நிமிஷம்தான் வரும். ஒருவரோடு ஒருவராக வாரம் அரை மணி பேசினால் வருஷத்துக்கு இருபத்தாறு மணி நேரம். நாக்கு திரும்புவது இந்த இருபத்தாறு மணி நேரத்தில்தான்.

எனக்கு அந்த ஆள் கிடைத்தது சம்பந்தி வீட்டு விசேஷத்தில். தூரத்து உறவில் ஒரு பெரியவர். பிரெஞ்சுப் படையில் சேர்ந்து பல தேசம் சுற்றி, ஓய்வூதியத்தில் இருந்தவர். இவர்களைப் புதுச்சேரியில் 'சொல்தா' என்பார்கள், பிரெஞ்சில் சிப்பாய்க்கு அதுதான் பெயர். நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னையே பார்த்துவிட்டு, "வாத்தியாரே, உனக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியுமில்ல?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

அவர் படித்ததெல்லாம் பிரெஞ்சுப் பள்ளி. தமிழ் பேசுவார், அழகாகப் பேசுவார். எழுத்து மட்டும் தெரியாது. படையில் இருந்த காலத்தில் அவர் அம்மா ஊரிலிருந்து கடிதம் போடுவாராம். அம்மா சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டுக்காரர் தமிழில் எழுதுவது. அங்கே பாசறையில் ஒரு காரைக்கால் தோழர் அதை வாசித்துக் காட்டுவார். "என் தாயி எனக்கு எழுதினதை இன்னொருத்தன் வாயாலதான் கேட்டேன். பொட்டியில நாப்பது காயிதம் இருக்கு. செத்துப்போறதுக்குள்ள நானே படிச்சுப் பார்க்கணும். நீ அதைக் கத்துக்குடு, நான் இதைக் கத்துக்குடுக்கிறேன்."

அதுதான் ஒப்பந்தம். பணம் காசு கிடையாது. மாதம் ஒரு முறை நேரில், வாரம் ஒரு முறை போனில். அரை மணி பிரெஞ்சு, அரை மணி தமிழ் எழுத்து. இரண்டு பேருக்கும் தமிழ் வாயில் இருப்பதால் அது வழுக்கிக்கொண்டு வந்துவிடும் என்ற பயத்தில் நடுவில் ஒரு கடிகாரத்தை வைத்தோம். மணி அடிக்கிற வரை தமிழ் வந்தால் டீக்காசு கொடுக்க வேண்டும். முதல் மூன்று மாதம் டீக்காசு முழுக்க என் பையிலிருந்துதான் போனது.

அவர் கற்றுக்கொடுத்த விதத்தைச் சொல்ல வேண்டும். 'துய்' என்பதை நான் 'து' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். என்னை நடத்தியே கூட்டிக்கொண்டு போய் ஒரு தெருப் பலகை முன்னால் நிறுத்தினார். நீலப் பலகையில் பிரெஞ்சிலும் தமிழிலும் எழுதியிருந்தது: 'துய்மா வீதி'. "பாரு, 'துமா'ன்னு போடல, 'துய்மா'ன்னு போட்டிருக்கான். உதட்டை 'உ'வுக்குக் குவி, உள்ளுக்குள்ள 'இ' சொல்லு" என்றார். எந்தப் புத்தகமும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை. இதே காரணத்தால்தான் முத்து என்ற பெயரைப் பிரெஞ்சுக் காகிதத்தில் எழுதும்போது நம் 'உ'வுக்கு ஓ, யூ என்று இரண்டு எழுத்துப் போடுகிறார்கள். யூ மட்டும் போட்டால் அந்தக் குவிந்த 'இ' ஆகிவிடும். பழனியின் 'ழ'வுக்கு ஜே என்ற எழுத்தைப் போட்டுக்கொள்வதையும் அவர்தான் காட்டினார்.

பிழை செய்தால் உடனே வெட்டமாட்டார். பேசி முடிக்க விடுவார். கடைசியில் மூன்றே மூன்று பிழையைச் சொல்வார். "முப்பது சொன்னா மூணும் மறந்துபோவும்" என்பார். முப்பது வருஷம் சிவப்பு மையில் கோடு கிழித்த எனக்கு அது ஒரு புதுப் பாடம்.

பிறகு யோசித்துப் பார்த்தால், இந்த முறை ஒன்றும் புதிதில்லை. துய்ப்ளேக்ஸ் கவர்னராக இருந்த காலத்தில் ஆனந்தரங்கப் பிள்ளை துபாஷாக இருந்தார். துபாஷ் என்றாலே இரண்டு மொழிக்காரர். 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய தமிழ் நாட்குறிப்பு இன்றும் சரித்திரத்துக்கு ஆதாரம். அதே வீட்டில் துய்ப்ளேக்சின் மனைவி புதுச்சேரியில் பிறந்தவர், தமிழ் தெரிந்தவர். 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த பாரதி பிரெஞ்சு கற்று, அந்நாட்டு தேசிய கீதத்தைத் தமிழாக்கினார். எதிர்த்திசையில், புதுச்சேரியில் தங்கித் தமிழ் படித்த பிரெஞ்சு அறிஞர் பிரான்சுவா குரோ 1968-ல் பரிபாடலைப் பிரெஞ்சில் கொண்டுவந்தார். தூரகிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சு ஆய்வுப் பள்ளியின் புதுச்சேரி மையத்தில் தி.வே. கோபாலையர் பல ஆண்டுகள் இருந்தார். தமிழ் இலக்கணம் படிக்க வந்த வெளிநாட்டு ஆய்வாளர்கள் அவரோடு உட்கார்ந்து பாடம் கேட்டார்கள். அகராதியை வைத்துக்கொண்டு தனியே உட்காரவில்லை. ஆளைத் தேடிப் போனார்கள்.

ஐரோப்பாவிலும் இதற்கு ஒரு பெயர் உண்டு. இரண்டு உலகப் போரில் அடித்துக்கொண்ட பிரான்சும் ஜெர்மனியும் 1963-ல் நட்பு ஒப்பந்தம் செய்து, இரு நாட்டு இளைஞர்களுக்காகப் பொதுவில் ஒரு அலுவலகம் திறந்தன. அவர்களைச் சேர்த்து வைத்த முகாம்களில், நீ எனக்கு உன் மொழி, நான் உனக்கு என் மொழி என்று கற்றுக்கொள்ளும் வழக்கம் வளர்ந்தது. அதற்கு 'டாண்டம்' என்று பெயர் வைத்தார்கள். இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து மிதிக்கிற சைக்கிளுக்கு அந்தப் பெயர். ஒருவன் மட்டும் மிதித்தால் வண்டி போகாது என்பதில்லை, ஆனால் அவனுக்குச் சீக்கிரம் மூச்சு வாங்கும்.

ஒன்றரை வருஷத்தில் பெரியவர் பஸ் போர்டு படித்தார், கல்யாணப் பத்திரிகை படித்தார். ஒரு நாள் பெட்டியைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்தார். பழைய கையெழுத்து, புள்ளி இல்லாத மெய்யெழுத்து, திணறித் திணறித்தான் வாசித்தார். பணம் வந்து சேர்ந்தது, பசு கன்று போட்டது, கிணற்றில் தண்ணீர் இல்லை என்று ஊர்ச் சங்கதிதான். நடுவில் ஒரு இடத்தில் சத்தமாக வாசிப்பதை நிறுத்திவிட்டார். உதடு மட்டும் அசைந்தது. முடித்ததும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "இந்த வரியை அவன் எனக்குப் படிச்சுக் காட்டல" என்றார். என்ன வரி என்று நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று பட்டது.

அன்று ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது. என் பேரனுக்கும் நாளைக்கு இப்படி ஒரு பெட்டி இருக்கும். அதில் தமிழில் நாங்கள் எழுதியது, பேசியது எல்லாம் இருக்கும். இன்னொருவர் வாய் இல்லாமல் அவன் திறக்க முடியுமா? நான் மட்டும் அந்தப் பக்கம் போனால் போதாது, அவனும் இந்தப் பக்கம் வர வேண்டும். அவன்தானே எனக்குச் சரியான பேச்சுத் துணை!

அடுத்த புதன்கிழமையே ஆரம்பித்தோம். பிரான்சில் பல ஊர்களில் புதன்கிழமை சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளி கிடையாது. இங்கே மாலை ஆறு மணி என்றால் அங்கே கோடையில் மதியம் இரண்டரை, குளிர்காலத்தில் ஒன்றரை. கால் மணி அவன் மொழி, கால் மணி என் மொழி, நடுவில் அதே கடிகாரம். அவன் எனக்கு வாத்தியார் என்று சொன்னதும் பையனுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. என் 'துய்'யைத் திருத்துவதில் அவனுக்கு இருக்கிற சந்தோஷம் விளையாட்டுச் சாமானில்கூட இல்லை என்கிறாள் மகள்.

ஒரு நாள் எண்கள். பிரெஞ்சில் எழுபதுக்கு 'அறுபது பத்து' என்கிறார்கள், எண்பதுக்கு 'நாலு இருபது', தொண்ணூறுக்கு 'காத்ர் வேன் தீஸ்', அதாவது 'நாலு இருபது பத்து'. "என்னடா இது, ஒரு எண்ணைச் சொல்றதுக்குள்ள கணக்கே போடணும் போலிருக்கே!" என்று கேலி செய்தேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு அரைத்தமிழில் திருப்பிக் கேட்டான்: "தாத்தா, தொண்ணூறு... உள்ள நூறு ஏன்? அது நூறு இல்ல!" முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன், வாயடைத்து உட்கார்ந்தேன். எத்தனை ஆயிரம் தடவை தொண்ணூறு என்று சொல்லியிருப்பேன், அதற்குள் ஒரு நூறு ஒளிந்திருப்பது காதில் விழவே இல்லை. என் மொழியை எனக்கு அந்நியன் ஒருவன் காட்டிக் கொடுத்தான். அந்நியன் என்ன அந்நியன், பேரன்!

இளைய தம்பி தங்கைகளுக்கு நான்கு வார்த்தை சொல்லி முடிக்கிறேன். எந்த மொழியானாலும் சரி. முதலாவது, பேசத் துணை தேடும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். உங்கள் தமிழ் உங்கள் கையில் இருக்கிறது. அதைக் கேட்டு வருகிறவர் உலகத்தில் எங்கேயோ இருக்கிறார், அவரைத் தேடுங்கள். இரண்டாவது, நேரத்தைச் சரிபாதியாகப் பிரித்துக் கடிகாரம் வையுங்கள், இல்லாவிட்டால் வலுத்த மொழி இளைத்த மொழியை விழுங்கிவிடும். மூன்றாவது, ஒரு நாளைக்கு மூன்று பிழை போதும். நான்காவது, இன்று இன்டர்நெட்டில் துணை கிடைப்பது சுலபம். ஆனால் முகம் தெரியாதவரிடம் பணமும் முகவரியும் பேச்சில் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். பிரெஞ்சுக்குத்தான் புதுச்சேரி வரை போக வேண்டும். கன்னடத்துக்கும் தெலுங்குக்கும் உருதுவுக்கும் எங்கேயும் போக வேண்டாம், அந்த வீட்டுப் பிள்ளைகள் இந்த வகுப்பறைகளிலேயே தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்று வருஷம் ஒரே பெஞ்சில் இருந்துவிட்டு, பக்கத்தில் இருப்பவன் மொழியில் ஒரு வாக்கியம் தெரியாமல் நாங்கள் வெளியே போனோம். நீங்கள் அப்படிப் போகாதீர்கள். சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம், மரத்தடியில் நாலு பெஞ்சு, ஒரு கடிகாரம். செலவு அவ்வளவுதான். டீக்காசுக்கு என் பங்கை இன்றே பொருளாளரிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

பெரியவர் இன்னும் போனில் கூப்பிடுகிறார். நாற்பது கடிதத்தில் இருபத்தேழு முடிந்திருக்கிறது.